புனித தொனாத்தார் குனிந்த இடங்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தோராம் ஆண்டு ஆகஸ்ட் ஏழாம் தேதி மாலையில், கஸ்தெல்மாரோ ஊரின் பாதுகாவலரும் கஷ்கொட்டை மரத்தில் செதுக்கப்பட்டவருமான புனித தொனாத்தார், மஸ்கரெல்லி மாளிகையின் முன்னால் தலை குனியாமல் போய்விட்டார். அதற்கு முந்தைய இருநூறு ஆண்டுகளில் ஒரு திருவிழாவில்கூட அவர் அப்படிச் செய்ததில்லை. பவனி மேலத்தெரு என்ற அந்தக் குறுகிய தெருவுக்குள் திரும்பி மாளிகை வாசலுக்கு வந்ததும், சப்பரத்தின் மேல் நின்றபடியே இடுப்புக்கு மேலே வளைந்து, ஆயர்களுக்குரிய கூம்புத் தொப்பியோடு சேர்த்துத் தலையைத் தாழ்த்துவார். வாசலைத் தாண்டியதும் நிமிர்ந்துகொள்வார். மரம் முறிகிற ஓசை எதுவும் வராது. புதுச் செருப்பு மடங்குகிறாற்போல ஒரு சின்னக் கிறீச்சல், அவ்வளவுதான். தூக்குகிறவர்கள் முன்தண்டில் பாரம் கூடுவதை உணர்ந்து பல்லைக் கடித்துக்கொள்வார்கள். மரச் சுரூபம் குனியுமா என்று அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. ஆலிவ் மரம் காய்க்குமா என்று யாராவது கேட்பார்களா? யாருக்காகக் குனிகிறார் என்பதுதான் அங்கே எந்நாளும் பேச்சு.

ஊரார் சொல்லி வந்த காரணம் எளிமையானது. ஒரு பஞ்ச காலத்தில் மஸ்கரெல்லி குடும்பத்து மூதாதை தோன் பல்தசாரே தம் தானியக் கிடங்கைத் திறந்துவிட்டார், ஊர் பிழைத்தது, புனிதர் நன்றி மறக்கவில்லை. ('தோன்' என்பது அந்தப் பக்கத்தில் பெரிய வீட்டு ஆண்களின் பெயருக்கு முன்னால் வைக்கிற மரியாதைச் சொல்.) கிடங்கைத் திறந்தது தானத்துக்கா வட்டிக்கா என்று கேட்கிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்லும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. வாசல் வளைவின் கல்லில் குனிந்த ஆயர் ஒருவரின் உருவமும், அதற்குக் கீழே 'எங்கள் முன் வானமும் தாழும்' என்ற வாசகமும் செதுக்கப்பட்டிருந்தன. புனிதர் யாருக்குக் குனிகிறாரோ அவருக்கு ஊரும் குனிவதுதான் முறை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நீதிபதி எழுந்து நின்றார். வரி வசூலிக்க வந்தவர் காப்பி குடித்துவிட்டு, அடுத்த மாதம் வருவதாகச் சொல்லிப் போனார். நகரசபைத் தலைவரை அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தேர்ந்தெடுத்தார்கள். ஊர் பிற்பாடு வாக்களித்தது. பாசிசக் கறுப்புச் சட்டைக்காரர்கள் வந்தார்கள், போனார்கள், ராஜா போனார், குடியரசு வந்தது. மாளிகை வாசல் வணக்கத்தில் மட்டும் மாற்றமில்லை.

அந்த ஆண்டு மாளிகையின் தலைவராக இருந்தவர் தோன் எர்மினியோ மஸ்கரெல்லி. எழுபதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். அவருடைய முதுகைப் போல நேரான முதுகு அந்த மலைப்பக்கத்தில் வேறு யாருக்கும் கிடையாது. நாற்காலிக்குச் சாய்மானம் எதற்கு என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. கோவிலில் முழங்கால் படியிடுவார். முழங்காலுக்கு மேலே எதுவும் வளையாது. ஊரில் மூன்று மோட்டார் வண்டிகள் வந்துவிட்ட பிறகும் சாம்பல் நிறக் குதிரை மேல்தான் தெருவில் போனார். பேச வேண்டியதைச் சேணத்தில் இருந்தபடியே பேசினார். தான் சாவதற்குள் இந்த வீட்டின் பெயருக்கு ஒரு கீறல் விழக்கூடாது என்பதைத் தவிர அவருக்குப் பெரிய ஆசைகள் இல்லை.

ஒரே மகள் ஒர்தென்சியாவை மணந்த அத்தில்யோ ஒரு வழக்கறிஞர், கோவிலின் ஆதரவு பெற்ற சிலுவைக் கட்சிக்காரர். அடுத்த வசந்தத்தில் வரவிருந்த நகரசபைத் தேர்தலில் தலைவர் பதவிக்கு அவர்தான் என்று முடிவாகியிருந்தது. மேடைப் பேச்சுக்கு உயரம் வேண்டும் என்பது அத்தில்யோவின் கொள்கை. அதனால் முந்தைய குளிர்காலத்தில், மாளிகையின் முன்பக்கம் தெருவுக்குள் துருத்திக்கொண்டு தொங்கிய பழைய கல் பால்கனியை இடித்துவிட்டு, அதைவிட ஒரு மாடி உயரத்தில் இரும்புக் கம்பியில் புதிய பால்கனி கட்டி, ஒலிபெருக்கியும் வைத்தார். அந்தப் புதிய பால்கனியில்தான் குடும்பமே திருவிழாவன்று நின்றது. கீழே புனிதர் நிமிர்ந்தபடி, எதிர்ச்சுவரைப் பார்த்தவராகக் கடந்துபோனார். வாத்தியக்காரர்கள் வணக்கத்துக்கான இசையை வாசித்து முடித்துவிட்டு, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து வாசித்தார்கள்.

அதோடு நின்றிருந்தால் பூச்சி அரிப்பு, ஈரப்பதம் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் புனிதர் அங்கிருந்து நேராகப் போய், கீழத்தெருவில் தையற்காரர் நிக்கொதேமோவின் கடை முன்னால் குனிந்தார். அந்தக் கடைதான் ஊரில் செங்கட்சியின் அலுவலகம். நிக்கொதேமோ அதன் செயலாளர். கல்யாணத்துக்குப் பிறகு கோவிலுக்குள் கால் வைக்காதவர். அதற்கடுத்த சந்தில், ஊருக்குத் துணி துவைத்துக் கொடுக்கிற விதவை அசுந்தாவின் கதவு முன்னால் இன்னும் தாழக் குனிந்தார். ஊர் முழுக்கப் பார்த்தது.

அந்த வருட இலையுதிர் காலத்தில் பங்குக் கோவிலின் கூட்டுறவு வங்கி, அதுவரை வாசலில்கூட நிற்கவிடாத அசுந்தாவுக்கு ரொட்டி சுடும் அடுப்பு கட்டிக்கொள்ளக் கடன் கொடுத்தது. புனிதர் வணங்கிய பெண்ணுக்குப் பிணை கேட்கிற துணிவு வங்கிக் குழுவில் யாருக்கும் வரவில்லை. நிக்கொதேமோவின் கடையில் ஊர்க் கனவான்கள் கோட்டு தைக்கக் கொடுத்துவிட்டு, மறுபடி மறுபடி வந்துபோகச் சாக்கு வேண்டும் என்று திரும்ப வாங்குவதைத் தள்ளிப்போட்டார்கள். பங்குச் சாமியார் எஜீதியோ சாமி பிரசங்க மேடையில் ஏறி, செங்கட்சிக்கு வாக்களிப்பது சாவான பாவம் என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு இறங்கினார். பூசை முடிந்து வெளியே வந்த பெண்கள் சாமி சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள். புனிதர் செய்ததைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். இரண்டையும் எடைபோட்டால் எந்தத் தட்டு தாழும் என்பது தெரிந்ததுதான். ஆயரின் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு ஆள் வந்தபோது, எஜீதியோ சாமி மிளகாயை முழுதாக விழுங்கியவர் போன்ற முகத்துடன் மாளிகைக்கு வந்து சேர்ந்தார்.

"ஆயர் கேக்கறார். புனிதர் எந்த உரிமையில செங்கட்சி ஆபீசுக்கு வணக்கம் வச்சார்னு. நான் என்னத்தைச் சொல்ல, தோன் எர்மினியோ?"

"தூக்குறவங்களை மாத்துங்க சாமி. அதுல பாதிப் பேர் அந்தக் கட்சி."

"மாத்திப் பாத்தாச்சே! போன செவ்வாக்கிழமை கோவில் கதவைச் சாத்திக்கிட்டு, சிலுவைக் கட்சி ஆளுங்களா பொறுக்கி எடுத்துத் தூக்க வச்சேன். முன்தண்டைத் தரை வரைக்கும் இறக்கினாங்க. மனுஷன் அசையலை. சப்பரம்தான் சாயுது, அவர் நட்டுக்கிட்டு நிக்கறார். அசப்புல..."

"அசப்புல?"

"கோவிச்சுக்கக் கூடாது. அசப்புல நீங்க நிக்கற மாதிரியே நிக்கறார். எழுபது வருஷமா உங்களைப் பாத்துப் பாத்து அவருக்கும் ஒட்டிக்கிச்சோ என்னமோ."

ஒர்தென்சியா காப்பிக் கோப்பைக்குள் இருமினாள். அவள் அப்பா திரும்பிப் பார்த்ததும் அது உண்மையான இருமலாக மாறிவிட்டது.

தோன் எர்மினியோ அதன் பிறகு செய்தது, அவர் குலத்தில் யாரும் அதுவரை செய்யாதது. புனிதர் குனிந்த இரண்டு வாசல்களில் அப்படி என்னதான் இருக்கிறது என்று தானே போய்ப் பார்ப்பதென்று முடிவெடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு, கறுப்புக் கோட்டும் உயரமான தொப்பியுமாகக் குதிரையேறி, பிறந்ததிலிருந்து நுழையாத சந்துக்குள் நுழைந்தார். அசுந்தா வாசலில் புது அடுப்புக்குச் சாம்பல் சலித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க தோன். உள்ளே வாங்கன்னு சொல்லலாம், குதிரைக்கு இடமிருக்காது."

"திருவிழா அன்னைக்கு, புனிதர் இந்தப் பக்கம் வந்தப்போ, நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?"

"நானா? திட்டிக்கிட்டு இருந்தேன்."

"புனிதரையா?"

"ஐயோ, அவரை எதுக்குத் திட்டறேன்? கோவில் ஆளுங்களை. துணி காயப்போட்டிருந்தேன், எடு எடுன்னு பிராணனை வாங்கினாங்க. ஈரத் துணியை எடுத்து எங்கே வைக்க, என் தலையிலயா? போன வருஷம் வரைக்கும் எடுத்தேன், இந்த வருஷம் முடியாதுன்னுட்டேன். அதுவும் யார் வீட்டுத் துணிங்கறீங்க? உங்க வீட்டுப் படுக்கை விரிப்புதான். மூலையில பூ வேலை செஞ்சு 'ம' போட்டது."

தோன் எர்மினியோவின் முகம் பல மாதங்களுக்குப் பிறகு கொஞ்சம் தெளிந்தது. அப்படியானால் புனிதர் அசுந்தாவுக்குக் குனியவில்லை. மஸ்கரெல்லி விரிப்புக்குக் குனிந்திருக்கிறார். கௌரவம் துவைக்கப் போயிருந்திருக்கிறது, வேறொன்றுமில்லை. இந்த எண்ணத்தோடு அவர் குதிரையைத் தட்டிவிட்டபோது, சந்தின் குறுக்கே கட்டியிருந்த துணிக் கயிறு அவருடைய தொப்பியைப் பின்னால் தள்ளிக் கீழே வீழ்த்தியது. அசுந்தா எடுத்துத் தட்டிக் கொடுத்தாள்.

"கயிறு கொஞ்சம் தாழ இருக்கு தோன். எல்லாரும் குனிஞ்சுதான் போவாங்க."

"எல்லாரும் போகட்டும்" என்றார் அவர்.

கீழத்தெருவில் கடை பாதி மூடியிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் நிக்கொதேமோ வாயில் குண்டூசிகளோடு வெளியே வந்தார். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டை மார்பில் குத்திக்கொண்ட பிறகுதான் பேசினார்.

"நானே வரணும்னு இருந்தேன் தோன். வாசல்ல உங்க வேலைக்காரன் உள்ளே விடமாட்டான்னு வரலை. இந்த வணக்கத்தை நீங்களே திரும்ப எடுத்துக்குங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"எடுத்துக்குங்கன்னா? அது என்ன உன் கடையில மறந்து வச்சுட்டுப் போன குடையா?"

"என் நிலைமையைக் கேளுங்க. எங்க மாகாண ஆபீசுல கூப்பிட்டு நிக்க வச்சுக் கேக்கறாங்க. 'தோழர், மத நிறுவனத்தோட உங்களுக்கு என்ன ரகசிய ஒப்பந்தம்?'ங்கறாங்க. நான் பாட்டுக்குப் பட்டன் தைச்சுக்கிட்டிருந்தேன், அவரா வந்து குனிஞ்சார், நான் என்ன தோழர் பண்றதுங்கறேன். அங்கே இருக்கற ஒரு பொம்பளைத் தோழர் சிரிக்குது. வீட்டுல என்னடான்னா பெண்டாட்டி கட்சித் தலைவர் படத்துக்குக் கீழேயே மெழுகுவர்த்தி ஏத்தி வச்சுட்டா. அணைச்சா அழறா. தேர்தல்ல வேற ஜெயிச்சுருவேன் போல இருக்கு."

"ஜெயிக்கறதுக்குத்தானே நிக்கறே?"

"கொள்கையில ஜெயிக்கணும் தோன், செபமாலைப் பாட்டிங்க ஓட்டுல இல்ல!"

அவர் கவலை உண்மையானதுதான். தோன் எர்மினியோ குதிரையைத் திருப்பினார். கடைக்கு மேலே தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு, அரிவாளும் சுத்தியலும் வரைந்து அந்தக் கோடையில்தான் மாட்டிய தகரப் பலகை ஒன்று இரண்டு சங்கிலிகளில் தொங்கியது. அது தொப்பியின் நெற்றியில் மோதி, ஆலய மணிபோல ஓசையிட்டு ஆடியது. தொப்பி இரண்டாவது முறையாகத் தரையில் உருண்டது.

"குனிஞ்சு போங்க தோன்."

"நான் குனியறதில்லை."

"தெரியும். அதான் தொப்பி குனியுது."

தொப்பியைத் தலையில் வைக்காமல் சேணத்தின் மேலேயே வைத்துக்கொண்டு அவர் மேலத்தெரு வரை வந்தார். ஞாயிறு மதியத்து வெறிச்சோடிய தெரு. மாளிகை வாசலுக்கு வந்ததும் குதிரை தானாக நடையைக் குறைத்தது. உள்முற்றத்துக்கு நுழையுமுன் தோன் எர்மினியோ தன் மூக்குக்கு நேரே குதிரையின் பிடரியைக் கண்டார். அவ்வளவு அருகில் அது எப்படி வந்தது என்று விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. அவர் குனிந்திருந்தார். தலைக்கு மேலே எதுவும் இல்லை. பழைய கல் பால்கனி இருந்த இடத்தில், சுவரில் பூசி மூடிய நான்கு தழும்புகள் மட்டும். குதிரையேறக் கற்ற நாள் முதல் ஒவ்வொரு நாளும், போகும்போது ஒரு முறையும் வரும்போது ஒரு முறையுமாக, இந்த இடத்தில் அவர் தலையைத் தாழ்த்தி வந்திருக்கிறார். இல்லாவிட்டால் அந்தக் கல் நெற்றியைப் பெயர்த்திருக்கும். அதைக் குனிவதென்று அவர் ஒருபோதும் எண்ணியதில்லை. வீட்டுக்கு வருவது என்றுதான் எண்ணியிருந்தார்.

சப்பரத்தின் மேல் நிற்கிற புனிதரின் தொப்பி, குதிரை மேல் உட்கார்ந்த தோன் எர்மினியோவின் தொப்பிக்குக் கிட்டத்தட்டச் சமமான உயரம். பால்கனி, பலகை, கயிறு. மூன்றும் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. இருநூறு ஆண்டுகளாகப் புனிதர் தலையில் இடித்துக்கொள்ளாமல் இருக்கப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். பால்கனி போனதும் குனிவதை நிறுத்திவிட்டார். புனிதர்களுக்குப் பழக்கதோஷம் கிடையாது.

தோன் எர்மினியோ இறங்கவில்லை. வீட்டு வாசலில், குதிரை மேல், தொப்பியில்லாமல் வெகு நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாப்பாட்டு மேசையில் ஒர்தென்சியா அவருக்கு ஆட்டிறைச்சி பரிமாறிவிட்டு, எதிரே உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"அப்பா, அந்தப் பால்கனி விவகாரம்தானே? நானும் ஜன்னல்லேருந்து பாத்துட்டேன். வெறும் காத்துக்குக் குனிஞ்சீங்க."

அத்தில்யோவுக்குப் புரிய ரொட்டித் துண்டு ஒன்று மெல்லுகிற நேரம் ஆயிற்று. புரிந்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"மாமா! அப்போ நம்ம கதை முடியலை. கொத்தனாரை நாளைக்கே வரச் சொல்றேன். பழைய உயரத்துலயே கட்டிடலாம், வேணும்னா இன்னும் ஒரு சாண் தாழ. நல்லா இடுப்பொடியக் குனிவார். இல்லேன்னா இன்னொண்ணு, ஊர்ல உள்ளதைச் சொல்லிடலாம். நிக்கொதேமோவுக்கு அவர் குனியவே இல்லை, தகரத்துக்குப் பயந்தார்னு. ரெண்டுல எதுன்னாலும் நான் ஜெயிச்சுடுவேன்."

"உக்காரு."

"மாமா..."

"உக்காருன்னேன். ஊர்ல சொன்னா, நம்ம தாத்தன் பூட்டனுக்கும் அவர் குனியலைன்னு ஆகும். வாசல் கல்லை என்ன பண்றது, பேத்து எடுக்கறதா? அந்தத் துவைக்கிற பொம்பளைக்கு ஆயுசுல கிடைச்ச ஒரே மரியாதையையும் பிடுங்கறதா? அது ஒண்ணு. இனி பால்கனி. அறியாம கட்டினது வேற. தெரிஞ்சுக்கிட்டே வழியில கல்லை நீட்டி, இடிச்சுக்குவியா குனியறியான்னு ஒரு புனிதரைக் கேக்கறதுக்குப் பேரு மரியாதையா? வழிப்பறிக்காரன் பண்ற வேலை அது. இந்த வீட்டுல நடக்காது."

"தேர்தல்ல தோத்துடுவேன்."

"தோத்துட்டுப் போ. தோக்கறதுல கேவலம் ஒண்ணுமில்லை. நம்ம வீட்டுல யாரும் இதுவரைக்கும் தோத்துப் பாத்ததில்லை, அவ்வளவுதான்."

அத்தில்யோ தோற்றார். நிக்கொதேமோ, செபமாலை சபைப் பெண்கள் ஒருவர் தவறாமல் வரிசையில் நின்று போட்ட வாக்குகளால், கஸ்தெல்மாரோவின் முதல் செங்கட்சித் தலைவரானார். பதவியின் முதல் வேலையாக ஆகஸ்ட் ஏழாம் தேதி தலைவருக்குரிய மூவர்ணப் பட்டையை மார்பில் கட்டிக்கொண்டு புனிதருக்குப் பின்னால் நடக்க வேண்டியிருந்தது. நகரசபைத் தலைவர் நடக்காமல் அந்த ஊரில் பவனி புறப்படாது. தன் கடை வாசலில் புனிதர் குனிந்தபோது, பக்கத்தில் நடந்த எஜீதியோ சாமியிடம், தான் இதைப் பார்க்கவில்லை என்று பதிந்துகொள்ளும்படி கேட்டுக்கொண்டார். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது, பிரபுக்களின் நிலம் ஏழைகளுக்குப் பங்கு போடப்பட்டது, மஸ்கரெல்லிகளின் மலையடிவார ஆலிவ் தோப்புகளும் அதில் போயின. அசுந்தாவின் ரொட்டிக்கு மூன்று ஊர்களிலிருந்து ஆள் வந்தது. அவள் துவைப்பதை விட்டுவிட்டாள், ஆனாலும் திருவிழாவன்று மட்டும் கயிறு கட்டி எதையாவது தொங்கவிட்டாள். ஏன் என்று கேட்டால், அன்றைக்குத்தான் வெயில் நன்றாக அடிக்கிறது என்பாள். மேலத்தெருவில் புனிதர் ஒவ்வொரு வருடமும் நிமிர்ந்தே போனார். புதிய பால்கனியில் தோன் எர்மினியோ, அவரைவிட நிமிர்ந்து, ஒவ்வொரு வருடமும் நின்றார். அவர் மேலே வராமல் இருந்திருக்கலாம் என்று சொன்னவர்கள் உண்டு. வந்த விருந்தாளி வணங்கவில்லை என்பதற்காக வீட்டுக்காரன் ஒளிந்துகொள்வதில்லை என்பது அவருடைய எண்ணம்.

நான்கு ஆண்டுகள் கழித்து மாகாண அலுவலகம் பொறுமையிழந்து, அந்தத் தகரப் பலகையைக் கழற்றச் சொன்னது. நிக்கொதேமோ நிம்மதிப் பெருமூச்சுவிட்டு, கட்சிப் பெயரைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதிக்கொண்டார். அந்த ஆகஸ்டில் புனிதர் கடையைக் கடந்தபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செபமாலைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதே ஆகஸ்டில் அத்தில்யோ, மாமனாரிடம் சொல்லாமல், சிலுவைக் கட்சி அலுவலகத்தின் முன்னால் தெருவின் குறுக்கே ஒரு துணிப் பதாகையை நன்றாகத் தாழ்த்திக் கட்டியிருந்தார். புனிதர் அதன் கீழே பதமாகக் குனிந்து போனார். எஜீதியோ சாமி ஆனந்தக் கண்ணீர் விட்டார். மறு வசந்தத்தில் அத்தில்யோ நகரசபைத் தலைவரானார். பதவியேற்பு விருந்துக்கு வந்த தோன் எர்மினியோ, நின்றபடியே ஒரு மடக்கு ஒயின் குடித்துவிட்டு, "பதாகை நல்ல துணி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அதற்குப் பிறகு மருமகனோடு தட்பவெப்பத்தைப் பற்றித் தவிர எதையும் பேசவில்லை.

அந்த வருடத் திருவிழாவுக்குள் அவருடைய முழங்கால்கள் மாடிப்படி ஏற மறுத்துவிட்டன. குதிரையை முன்பே விற்றாகிவிட்டது. ஒர்தென்சியா வாசலில் நாற்காலி போட்டாள், அவர் உட்காரவில்லை. கைத்தடிகூட இல்லாமல், வாசல் படியில், வேலைக்காரர்களும் குழந்தைகளும் நிற்கிற உயரத்தில் நின்றார். பிறந்த நாள் முதல் பவனியில் புனிதரை அவர் கீழேயிருந்து பார்த்ததில்லை. மேலேயிருந்து பார்த்தால் கூம்புத் தொப்பியும் தோளும்தான் தெரியும். கீழேயிருந்து முகம் தெரிந்தது. வண்ணம் உதிர்ந்த, அவ்வளவாகத் தூங்காத, பல பேர் சொல்வதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன ஒரு வயசாளியின் முகம். சுரூபம் செதுக்கியவன் புருவத்தை ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கிவிட்டிருந்தான்.

சப்பரம் வாசலுக்கு வந்தது. முன்னால் தூக்கியவர்கள் திடீரென்று பல்லைக் கடித்தார்கள். கிறீச்சென்றது. புனித தொனாத்தார் இடுப்பிலிருந்து வளைந்து, ஊரில் யாரும் அதுவரை பார்த்திராத அளவுக்குத் தாழ்ந்து வந்தார். முகத்துக்கு முகம் இரண்டு சாண் இடைவெளி.

தோன் எர்மினியோ உடனே அண்ணாந்து பார்த்தார். கயிறு இல்லை. பதாகை இல்லை. பலகை இல்லை. மின்கம்பி எதிர்ச்சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. அத்தில்யோவின் பால்கனி எட்டாத உயரத்தில் இருந்தது. நடுவில் இருந்ததெல்லாம் ஒரு கீற்று ஆகாயம், அதில் தாழப் பறக்கிற பறவைகூட ஒன்றும் இல்லை.

கூட்டம் கை தட்டியது. மாப்பிள்ளை தலைவரானதும் புனிதருக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள். போன நிலத்துக்கு இது ஈடு என்றார்கள் சிலர். நிக்கொதேமோ, பின்வரிசையில் நின்றபடி, அரசியலில் இப்படித்தான் காற்று மாறும் என்றார். மூவர்ணப் பட்டையோடு பின்னால் வந்த அத்தில்யோ, அருகில் வந்ததும் மாமனாரின் காதருகே சாய்ந்தார்.

"கடைசியில நீங்களும் எதையோ கட்டிட்டீங்க மாமா. கண்ணுக்கே தெரியலை, கில்லாடிதான். என்னத்தைக் கட்டினீங்க?"

"ஒண்ணும் கட்டலை."

"சரி சரி, சொல்ல வேண்டாம்" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டு நடந்தார் அத்தில்யோ.

அந்த நேரத்தில் தோன் எர்மினியோ பதிலுக்குக் குனிந்தாரா என்பதில் ஊரில் இரண்டு கருத்து உண்டு. குனிந்தார், நெற்றி முழங்காலைத் தொட்டது, என் கண்ணால் பார்த்தேன் என்று அசுந்தா இன்றுவரை சொல்கிறாள். குடும்பத்தின் தரப்பு வேறு. அவருடைய இடது பூட்ஸின் கயிறு அவிழ்ந்திருந்தது, அதைக் கட்டினார், எண்பதை நெருங்குகிற ஒரு மனிதர் நாலு பேர் எதிரில் கயிறு அவிழ்ந்த பூட்ஸோடு நிற்க முடியாது என்பது அது. குடும்பத்தின் தரப்பே சரி. புனிதர் அவர் கட்டி முடிக்கும்வரை குனிந்தபடியே காத்திருந்தார். அவர் நிமிர்ந்த பிறகுதான் தானும் நிமிர்ந்தார்.

அதற்குப் பின் ஒவ்வொரு திருவிழாவிலும் அப்படியே நடக்கிறது. தோன் எர்மினியோ இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மாளிகையில் இப்போது தபால் நிலையம் இருக்கிறது. பவனி மேலத்தெருவுக்குள் திரும்பியதும் வாத்தியக்காரர்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். அந்த வாசலில் புனித தொனாத்தார் குனிகிறார், வயதான ஒருவர் பூட்ஸ் கயிறு கட்டுகிற நேரம் வரை காத்திருக்கிறார், நிமிர்கிறார், பிறகு எல்லோரும் ரொட்டி வாங்கக் கீழத்தெருவுக்குப் போகிறார்கள்.